அண்ணன் படித்த ஏடு

எங்கள் வீட்டில் எனக்கென்று புதிய பாடநூல் வாங்கியதாக நினைவில்லை. மூன்று வயது மூத்தவரான அண்ணன் படித்து முடித்த நூல்கள், பழுப்புத் தாள் அட்டை மாற்றப்பெற்று என் கைக்கு வரும். 1963இல் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோதும் அப்படியே வந்தது அவருடைய தமிழ்ப் பாடநூல். முதற்பக்கத்தில் அவர் பெயர். ஓரங்களிலெல்லாம் பென்சிலால் அவர் எழுதி வைத்த சொற்பொருள். வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்விகளுக்கு அந்த ஓரக்குறிப்புகளைப் பார்த்தே நான் விடை சொல்வேன், பாராட்டும் பெறுவேன். அந்தப் பெருமை தலைக்கேறிய ஒரு நாளில், முதற்பக்கத்தில் இருந்த அண்ணன் பெயரை மையால் அழுத்தமாக அடித்துவிட்டு, அதன்கீழ் என் பெயரை எழுதிக்கொண்டேன்.

எழுத்தறியாத அம்மா அந்தக் கோட்டை மட்டும் கண்டுகொண்டார். "பேரை அடிச்சிட்டா புத்தகம் உன்னுதாயிடுமாடா? அவன் படிச்சதுனாலதானே உனக்குக் கிடைச்சுது?" என்று கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "விடும்மா, சின்னப் பையன்" என்றார்.

1975இல், இருபத்தாறு வயதில், மஞ்சள் காமாலை கண்டு பத்தே நாளில் அண்ணன் இறந்துபோனார். ஒருநாளும் செபமாலை தவறாத என் அம்மா, அடக்கம் முடிந்து வந்த அன்று மாலை அதை மாடத்தில் வைத்தவர், பல வாரங்கள் தொடவேயில்லை. ஏனென்று கேட்டவர்களுக்கு, "கேக்கிற காது இருந்தாத்தானே சொல்றதுக்கு?" என்பார். கடவுளை அப்படிப் பேசலாகாது என்று அண்டை வீட்டார் அஞ்சினர். ஒரு மாலை எங்கள் ஊர் உபதேசியார் வந்தார். அறிவுரை ஏதும் அவர் சொல்லவில்லை. விளக்கருகே அமர்ந்து, திருப்பாடல்கள் நூலை விரித்து, இருபத்திரண்டாம் பாடலை மெல்ல வாசித்தார். பகலெல்லாம் கூவியும் பதில் வராத ஒருவனின் முறையீடு அது. இறைவன் தன்னை ஏன் கைவிட்டான் என்று அந்த இறைவனிடமே கேட்கும் பாடல் அது.

வாசித்து முடித்ததும் அம்மா கேட்டார்: "இது யாரு பாடினது, ஐயா?"

"மொதல்ல யூத குலத்துல ஒருத்தர் பாடினது, அம்மா. தாவீது பேருல இருக்கு. அப்புறம் நம்ம ஆண்டவர் சிலுவையில தொங்கும்போது இதைத்தான் சொன்னார்."

"அவருமா இப்படிக் கேட்டார்?"

"கேட்டாரம்மா."

அன்றிரவு அம்மா செபமாலையைக் கையிலெடுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். எடுக்கவில்லை, அதற்கு இன்னும் பல நாள் ஆயிற்று. ஆனால், அண்ணன் இறந்தபின் முதன்முறையாக வாய்விட்டு அழுதார். உபதேசியார் சொன்ன விடையோ என் நெஞ்சில் தைத்து நின்றது. யூத குலத்தில் ஒருவர் அழுத அழுகை எவ்வழியாக எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது? அக்கேள்வியின் பின்னால் நான் நடந்த நெடுவழியில் கண்ட சிலவற்றையே வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதற் கிறிஸ்தவர்களின் கையில் இருந்த விவிலியம் எது? நாம் எளிதில் மறந்துவிடும் உண்மை ஒன்று உண்டு. அவர்களிடம் புதிய ஏற்பாடு இல்லை. புனித பவுல் தம் மடல்களை எழுதியது கி.பி. 50க்கும் 60க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில். நற்செய்தி நூல்கள் இன்று நம்மிடமுள்ள வடிவில் அப்போது எழுதப்பெறவில்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கிறிஸ்து மறைநூல்களின்படியே இறந்து, மறைநூல்களின்படியே உயிர்த்தெழுந்தார் என்று கொரிந்தியருக்கு அவர் எழுதும்போது, மறைநூல் என்று அவர் சுட்டுவது யூதர்களின் திருச்சட்டத்தையும் இறைவாக்குகளையும் பாடல்களையுமே. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் நம் ஆண்டவர் விரித்து வாசித்த சுருளும் எசாயாவினுடையதே. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி, அலெக்சாந்திரியா நகரத்து யூதர்கள் தம் நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தலைப்பட்டனர். 'எழுபதின்மர் பெயர்ப்பு' என்று வழங்கும் அந்நூலே கிரேக்கம் பேசிய முதற் கிறிஸ்தவர்களின் விவிலியமாயிற்று. நமக்கு முன்பே ஒருவர் படித்து, அட்டை போட்டு, ஓரக்குறிப்பும் எழுதி வைத்த ஏடு அது.

அந்த ஏட்டை அவர்கள் அணிகலனாகப் பயன்படுத்தவில்லை. பிழைப்பதற்கான உணவாகவே பயன்படுத்தினர். அவர்களுடைய நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மெசியா என்று நம்பிய ஒருவர், அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய சாவை எருசலேமின் மதிலுக்கு வெளியே இறந்தார். மரத்தில் தொங்கவிடப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்று இணைச்சட்ட நூலே கூறுகிறது. அந்தச் சொல்லோடு பவுல் மல்லாடுவதைக் கலாத்தியர் மடலில் காணலாம். நடந்தது என்னவென்று சொல்ல அவர்களிடம் சொல் இல்லை. சொல் தேடி அவர்கள் ஓடிய இடம், சிறுவயது முதல் தொழுகைக்கூடத்தில் கேட்டு வளர்ந்த நூல்களே.

எங்கள் திண்ணையில் வாசிக்கப்பட்ட அந்த இருபத்திரண்டாம் பாடலையே எடுத்துக்கொள்வோம். ஆடையைச் சீட்டுப்போட்டுப் பகிர்வதும், பார்ப்போர் தலையசைத்துப் பழிப்பதும், கைவிடப்பட்டோன் கதறுவதும் அப்பாடலில் உள்ளவை. மாற்கு அம்மூன்றையும் தம் பாடுகளின் வரலாற்றில் வைக்கிறார். கதறலை மட்டும் ஆண்டவரின் தாய்மொழியாகிய அரமேயத்திலேயே காக்கிறார். மத்தேயு, கடவுள் இவனை விடுவிக்கட்டும் என்னும் ஏளனத்தையும் அதிலிருந்தே சேர்க்கிறார். ஆடையைப் பங்கிட்டபோது மறைநூல் நிறைவேறிற்று என்று யோவான் வெளிப்படையாகவே எழுதுகிறார். லூக்காவோ, இறுதிச் சொல்லை வேறொரு பாடலிலிருந்து, உயிரை இறைவன் கையில் ஒப்படைக்கும் முப்பத்தொன்றாம் பாடலிலிருந்து, எடுக்கிறார். இப்படியாக, நான்கு நற்செய்தியாளரும் கல்வாரி மலையை நமக்குக் காட்டுவது இசுரயேலின் பாடல்கள் ஏற்றிய விளக்கின் ஒளியில்தான்.

சில இடங்களில் இந்த வாசிப்பு நமக்கு வியப்பளிக்கும். குழந்தை இயேசு எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே தங்கியதைச் சொல்லும்போது மத்தேயு ஓசேயாவின் வாக்கை எடுத்தாள்கிறார். ஓசேயாவோ அங்கே வருங்காலத்தைப் பற்றிப் பேசவில்லை; பண்டு எகிப்தினின்று மீண்ட இசுரயேல் மக்களையே கடவுளின் மகன் என்று சுட்டினார். மத்தேயு சொல்லைத் திரித்துவிட்டாரா? 1947 முதல் சாக்கடலருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்கள் இதற்கு ஒரு விளக்கம் தருகின்றன. அவற்றுள் ஒன்று அபக்கூக்கின் நூலுக்கு எழுதப்பட்ட உரை. பழைய இறைவாக்கை ஒவ்வோர் அடியாக எடுத்து, இது எங்கள் காலத்தைக் குறிக்கிறது, எங்கள் ஆசானைக் குறிக்கிறது என்று அக்குழுவினர் பொருள் உரைக்கின்றனர். கடவுளின் சொல் ஒருமுறை பேசி ஓய்ந்துவிடுவதில்லை, புதிய நிகழ்ச்சியில் மீண்டும் பேசும் என்பது அக்கால யூதரின் நம்பிக்கை. மத்தேயுவும் அப்படியே வாசித்தார். இசுரயேல் நடந்த வழியில் இயேசு மீண்டும் நடக்கிறார் என்பதே அவர் சொல்ல வந்தது. யூதராகவே இருந்து, யூதர் வாசித்த முறையிலேயே அவர் வாசித்தார். அன்னை மரியின் பாடலில் சாமுவேலின் தாய் அன்னாவின் குரல் எதிரொலிப்பதும் இவ்வகையே. ஓரக்குறிப்பு இருந்த ஏட்டில் இன்னொருவர் தம் குறிப்பையும் எழுதினார்; முன்னவரின் எழுத்து அப்படியே இருந்தது.

ஆண்டுகள் பல கடந்து, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், பங்கு ஆலயத்தில் முதல் வாசகம் வாசிக்கும் பேறு எனக்குக் கிட்டியது. நான் சிறுவனாயிருந்த நாளில் ஞாயிறு திருப்பலியில் பழைய ஏற்பாட்டு வாசகம் அரிதினும் அரிது. 1969இல் வெளிவந்த புதிய வாசக ஒழுங்கே அதை ஞாயிறுதோறும் நமக்குத் திருப்பித் தந்தது. ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும், முன்னாள் மாணவர் ஒருவர் என்னருகே வந்தார். "சார், இந்தப் போரும் பலியும் சாபமும் நமக்கு எதுக்கு? நற்செய்தி ஒண்ணு போதாதா?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. அன்று அவருக்கு நான் சரியாக விடை சொல்லவில்லை.

அவர் கேட்ட கேள்வியைச் சற்றொப்ப 1880 ஆண்டுகளுக்கு முன் உரோமைத் திருச்சபையிடம் ஒருவர் கேட்டார். கருங்கடற்கரைச் சினோப்பே நகரைச் சேர்ந்த மார்சியோன் என்னும் கப்பல் வணிகர் அவர். உரோமைக்கு வந்து, திருச்சபைக்கு இரண்டு இலட்சம் செஸ்டர்ஸ் நாணயங்களைக் காணிக்கையாகத் தந்தவர். யூதரின் மறைநூல் காட்டும் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு. முன்னவர் தண்டிக்கும் கடவுள், பின்னவர் அன்பின் கடவுள் என்பது அவர் போதனை. எனவே பழைய நூல்களை முற்றாக ஒதுக்கினார். லூக்கா நற்செய்தியையும் பவுலின் பத்து மடல்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றிலும் தமக்கு ஒவ்வாத பகுதிகளை வெட்டினார். 144இல் உரோமைத் திருச்சபை அவரை விலக்கியது. தந்த காணிக்கையையும் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று தெர்த்துல்லியன் குறிப்பிடுகிறார்.

பெரும் பணத்தைத் திருப்பித் தந்து, பிறர் எழுதிய ஏட்டைக் காத்துக்கொண்ட முடிவு அது. லியோன் நகர் ஆயர் புனித இரனேயு, படைத்தவரும் மீட்பவரும் ஒரே கடவுளே என்று வாதாடினார். தெர்த்துல்லியன் மார்சியோனுக்கு எதிராக ஐந்து நூல்கள் எழுதினார். அவர்கள் தோற்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. சாபமும் போரும் மட்டுமா போயிருக்கும்? யோபுவின் வழக்கும், எரேமியாவின் கண்ணீரும், திருப்பாடல் நூலும் போயிருக்கும். மகனைப் பறிகொடுத்த என் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட உபதேசியாரின் கையில் ஒன்றும் இருந்திராது. இந்த விடையை அந்த இளைஞருக்குப் பின்னொரு நாள் சொன்னேன். அவர் உடனே ஏற்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு முதல் வாசகம் முடியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்துடன் நிறுத்தினால் பாதி உண்மையே சொன்னவனாவேன். ஏட்டைக் காத்த அதே கைகள் அண்ணனின் பெயரை அடிக்கவும் செய்தன.

புனித யுஸ்தீன் இன்றைய நாபுலூசு நகரில் பிறந்தவர். மெய்யியல் பயின்று, இறைவாக்கினரின் நூல்களால் கிறிஸ்துவிடம் வந்தவர். 165ஆம் ஆண்டையொட்டி உரோமையில் மறைசாட்சியானவர். திரிபோன் என்னும் யூதருடன் தாம் நிகழ்த்திய உரையாடல் என்று அவர் எழுதிய நூல் நமக்குக் கிடைத்துள்ளது. எசாயா ஏழாம் அதிகாரத்தில் வரும் சொல் இளம்பெண்ணைக் குறிக்கிறதா, கன்னியைக் குறிக்கிறதா என்று இருவரும் வாதிடுகின்றனர். எபிரேயச் சொல் இளம்பெண்ணையும், எழுபதின்மரின் கிரேக்கச் சொல் கன்னியையும் சுட்டுவன. மத்தேயு எடுத்தாண்டது கிரேக்கச் சொல்லை. வாதம் நெடியது, ஆயினும் முடிவில் இருவரும் நண்பர்களாகவே பிரிகின்றனர். அந்த நல்ல நூலிலேதான், மறைநூல்கள் இனி யூதருடையவை அல்ல, எங்களுடையவை என்று யுஸ்தீன் சொல்லிவிடுகிறார். அந்த இடத்தை முதன்முறை வாசித்தபோது, ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் முதற்பக்கம் என் கண்முன் நின்றது.

அவ்வளவோடு நிற்கவில்லை. அதே நூற்றாண்டில் சர்தை நகர் மெலித்தோ பாஸ்கா பற்றி ஓர் அரிய மறையுரை ஆற்றினார். எகிப்தில் பலியான செம்மறியில் கிறிஸ்துவைக் காணும் அழகு அதில் உண்டு. கடவுளைக் கொன்றதாக இசுரயேல் மீது சாற்றும் கொடிய குற்றமும் அதிலேயே உண்டு. 386, 387 ஆண்டுகளில் அந்தியோக்கியாவில் புனித யோவான் கிறிசோஸ்தோம், யூதத் திருவிழாக்களுக்குச் சென்ற தம் மக்களைத் தடுப்பதற்காக ஆற்றிய உரைகளில் யூதரைப் பற்றிச் சொன்னவை படிக்கவே கூசுபவை. பிற்காலத்தவர் அச்சொற்களை என்னென்ன கொடுமைகளுக்குக் கருவியாக்கினர் என்பதை வரலாறு அறியும்.

நான் மட்டும் என்ன செய்தேன்? எங்கள் ஊரில் தவக்காலத்தில் பாஸ்கு ஆடுவார்கள். 1964இல் எனக்கு யூதர் கூட்டத்தில் நின்று கூச்சலிடும் வேடம். என் முகத்தில் கரியை அள்ளிப் பூசினார்கள். ஆண்டவராக, அன்னையாக, பேதுருவாக நடித்தவர்களுக்கோ ஒளிரும் அரிதாரம். அவர்களும் யூதர்களே என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆயினும் பெயரை அடிக்காமல் அண்ணனிடமே சென்று பாடம் கேட்டவர்களும் திருச்சபைத் தந்தையருள் உண்டு. ஒரிஜன் யூத ஆசிரியர்களிடம் எபிரேய மரபைக் கேட்டறிந்தார். எபிரேய மூலத்தையும் கிரேக்கப் பெயர்ப்புகளையும் ஆறு பத்திகளில் அருகருகே நிறுத்தி மாபெரும் தொகுப்பொன்றை உருவாக்கினார். 386இல் பெத்லகேமில் குடியேறிய புனித எரோணிமுஸ், பாரனினா என்னும் யூத ஆசிரியரிடம் எபிரேயம் கற்றார். தம்மவருக்கு அஞ்சி அந்த ஆசிரியர் இரவில்தான் வருவாராம்; தமக்கு அவர் இன்னொரு நிக்கதேம் என்கிறார் எரோணிமுஸ். எரோணிமுசின் எழுத்திலும் யூதரைச் சுடும் சொற்கள் இல்லாமலில்லை. ஆயினும், மேலைத் திருச்சபை ஆயிரமாண்டுக்கு மேல் வாசித்த இலத்தீன் விவிலியத்தின் பின்னணியில், இருளில் விளக்கேற்றிச் சொல்லிக்கொடுத்த யூதர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவருக்கு நாம் நன்றி சொன்னதுண்டா?

இவர்கள் எல்லாருக்கும் முன்பே பவுல் எச்சரித்துவிட்டார். உரோமையருக்கு எழுதிய மடலின் பதினோராம் அதிகாரத்தில், பிற இனத்துக் கிறிஸ்தவர்களை அவர் காட்டு ஒலிவக் கிளைகளுக்கு ஒப்பிடுகிறார். நாட்டு ஒலிவத்தில் ஒட்டவைக்கப்பட்ட கிளைக்கு உரமும் நீரும் அந்த வேரிலிருந்தே வருகின்றன. வேரைத் தாங்குவது தானே என்று கிளை பெருமை பேசலாகாது என்பது அவர் அறிவுரை. அம்மா என்னிடம் கேட்டதும் வேறென்ன?

அவ்வறிவுரைக்குத் திருச்சபை செவிசாய்த்த நாள்களையும் நான் கண்டேன். 1959இல் திருத்தந்தை 23ஆம் யோவான், பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரை நம்பிக்கை கெட்டவரெனச் சுட்டிய சொல்லை நீக்கினார். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆண்டவரின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மேலும், இன்று வாழும் யூதர்மேலும் சுமத்தலாகாது என்று அறிவித்தது; பவுலின் ஒலிவமரத்தையும் நினைவூட்டியது. 1986 ஏப்ரல் 13 அன்று உரோமையின் தொழுகைக்கூடத்திற்குச் சென்ற திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், யூதரை நம் மூத்த சகோதரர்கள் என்றழைத்தார். 2001இல் திருத்தந்தையின் விவிலிய ஆணையம், அந்நூல்களை யூதர் வாசிக்கும் முறையும் ஏற்கத்தக்க ஒரு வாசிப்பே என்று எழுதியது. இறைவாக்குகளில் நாம் கிறிஸ்துவைக் காண்பது நம் நம்பிக்கை. அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நம் குறிப்பை ஓரத்தில் எழுதுவது தவறன்று. முன்னவர் பெயரை அடிப்பதே தவறு.

1998இல் அம்மா இறந்தபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். சேலைகளின் அடியில், செல்லரித்த ஓரங்களுடன், அந்த ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் இருந்தது. எழுத்தறியாதவர் அதை முப்பத்தைந்து ஆண்டுகள் காத்து வைத்திருந்தார். முதற்பக்கத்தில் மையடித்த கோடு அப்படியே இருந்தது. அதற்கடியில் பெயரைப் படிக்க முடியவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேனாவை எடுத்து, கோட்டுக்கு மேலே அண்ணனின் பெயரை மீண்டும் எழுதினேன். அவர் பெயர் மேலே. என் பெயர் கீழே.

இன்றும் ஞாயிறுதோறும் வாசக மேடை ஏறுகிறேன். எசாயாவின் நூலென்றும் எரேமியாவின் நூலென்றும் அறிவித்துவிட்டு வாசிக்கத் தொடங்குமுன், ஒரு நொடி நிற்பது என் வழக்கமாகிவிட்டது. கண் மங்கிவிட்டதால் நிற்கிறேன் என்று மக்கள் எண்ணக்கூடும். அந்த நொடியில், நமக்கு முன்னே இந்த ஏட்டைப் படித்து, இன்றும் படித்துக்கொண்டிருக்கும் அண்ணனை நினைத்துக்கொள்கிறேன்.